எஞ்சியதில் மூன்றிலொன்று: தரம் 6 முதல் 9 வரை வாசிப்பும் கணிதமும்

திருகோணமலைச் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டியவற்றில் எஞ்சியிருக்கும் எண்ணெய்த் தாங்கிகள் 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அதை வைத்து ஒரு கணக்கு எழுதலாம். நிறைந்திருந்த ஒரு தாங்கியிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய் கப்பலுக்கு வழங்கப்பட்டது. எஞ்சியதில் மூன்றிலொரு பங்கு பவுசர்களில் ஏற்றப்பட்டது. தாங்கியில் இப்போது எவ்வளவு உண்டு? விடை 4,800 கிலோலீற்றர். 3,200 என்று எழுதும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுடைய கொப்பியைப் பாருங்கள். 12,000இன் ஐந்தில் இரண்டு 4,800, சரி. 12,000இன் மூன்றிலொன்று 4,000, அதுவும் சரி. இரண்டையும் கழித்தால் 3,200, கழித்தலும் சரி. பிழைத்தது 'எஞ்சியதில்' என்ற இடத்தில். கண் அதன்மேல் ஓடியிருக்கிறது, மனம் நிற்கவில்லை. ஆசிரியர் பிழை போட்டு, பின்னக் கணக்கு இன்னும் பத்துச் செய்துகொண்டு வரச் சொல்கிறார். தெரிந்ததையே அந்தப் பிள்ளை இன்னும் பத்துத் தடவை செய்கிறது.

கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில், அதாவது தரம் 6 முதல் 9 வரை, வாசிப்புக்கும் கணிதத்துக்கும் எந்த வகுப்பறைச் செயற்பாடுகள் பயன் தருகின்றன என்ற கேள்வியை இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே நியாயம். வாசிப்புக்கு ஒரு பட்டியல், கணிதத்துக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துப் போடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. இந்த வயதில் இரண்டும் ஒரே தடுமாற்றத்தின் இரண்டு முகங்களாகவே பெரும்பாலும் வெளிப்படுகின்றன.

இலங்கைப் பாடசாலையில் இந்த நான்கு ஆண்டுகள் இரண்டு பரீட்சைகளுக்கு நடுவே கிடக்கின்றன. முன்னால் தரம் 5 புலமைப்பரிசில், பின்னால் க.பொ.த. சாதாரண தரம். புலமைப்பரிசிலில் கூடிய புள்ளி எடுத்த பிள்ளைகளில் பலர் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். உயர்தரம் படிக்க வேண்டுமானால் முதல் மொழியும் கணிதமும் உள்ளிட்ட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும் என்ற கவலை தரம் 10இல்தான் எல்லோருக்கும் வருகிறது. இடையிலே வகுப்பேற்றம் தானாக நடக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. ஆரம்பப் பிரிவில் வாசிப்பு ஒரு பாடம். தரம் 6இலிருந்து வாசிப்பு மற்ற எல்லாப் பாடங்களுக்கும் கருவி. வரலாறும் விஞ்ஞானமும் புவியியலும் குடியியலும் புத்தகத்தை வாசித்து விளங்கிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஆனால் வாசிக்கக் கற்பிப்பது அங்கே யாருடைய கடமையும் அல்ல. ஒரே வகுப்பாசிரியரின் கையில் இருந்த பிள்ளை, பாடத்துக்கு ஓர் ஆசிரியராகப் பலரிடம் போகிறது. கீத் ஸ்டனோவிச் 1986இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதன் விளைவைச் சொன்னது: வாசிக்க வல்ல பிள்ளை மேலும் வாசித்து மேலும் வல்லதாகிறது, தடுமாறுகிற பிள்ளை வாசிப்பைத் தவிர்த்துத் தவிர்த்துப் பின்தங்குகிறது.

இன்றைய தலைமுறைக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தரம் 1 முதல் 4 வரை படித்தவர்கள்தான் 2025இல் இந்த வகுப்புகளில் இருந்தார்கள். எழுத்தும் எண்ணும் பதிய வேண்டிய காலம் அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போனது. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பாடசாலை நின்றது. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. திருகோணமலை மாவட்டத்தில் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு 1990இலும் 2006இலும் இடப்பெயர்வோடு படிப்பு முறிந்தது. வீட்டில் கேட்டுப் படி என்று சொல்லி அனுப்பக்கூடிய நிலை எல்லா வீட்டிலும் இல்லை.

பிழை எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க மிக எளிய ஒரு வழியை ஆஸ்திரேலிய ஆசிரியை ஆன் நியூமன் 1977இல் வெளியிட்டார். மெல்பேணில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வசனக் கணக்குகளில் விட்ட பிழைகளைத் தனித்தனியே விசாரித்துப் பார்த்ததில், ஏறத்தாழப் பாதிப் பிழைகள் கூட்டல் கழித்தலுக்கு வருவதற்கு முன்னரே, வாசிப்பிலும் விளங்கலிலும் கணக்காக மாற்றுவதிலும் நடந்திருந்தன. அவருடைய முறை ஐந்து கேள்விகள்தான். இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு. கணக்கு உன்னிடம் என்ன கேட்கிறது? எப்படிச் செய்யப் போகிறாய்? செய்துகொண்டே சொல்லு. விடையை முழு வசனமாக எழுது.

மேலே சொன்ன தாங்கிக் கணக்கில் இந்தக் கேள்விகளை வைத்துப் பாருங்கள். 3,200 எழுதிய பிள்ளை முதற் கேள்வியில் தடையின்றி வாசிக்கக்கூடும். இரண்டாவதில், 'எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று கேட்குது' என்று சரியாகவே சொல்லும். மூன்றாவதில்தான் குட்டு வெளிப்படும்: 'முதலில் ஐந்தில் இரண்டு கழிக்க வேணும், பிறகு மூன்றிலொன்று கழிக்க வேணும்.' அங்கே நிறுத்தி, 'எதின் மூன்றிலொன்று?' என்று கேட்டால் போதும். ஒரு செவ்வகம் வரைந்து ஐந்தாகப் பிரித்து இரண்டை நிழலிட்டுவிட்டு, மிச்சம் கிடக்கும் மூன்று கட்டங்களில் மூன்றிலொன்றைக் காட்டு என்று சொன்னால், ஒரு கட்டத்தைப் பிள்ளை தானே தொட்டுக் காட்டும். எஞ்சுவது இரண்டு கட்டம், ஐந்தில் இரண்டு, 4,800. சிங்கப்பூர் ஆரம்பப் பாடசாலைகள் 1980களிலிருந்து பாவிக்கும் பட்டை வரைபடம் இதுதான். அதற்குத் தேவை ஒரு வெண்கட்டி. மற்றொரு பிள்ளை முதற் கேள்வியிலேயே 'வழங்கப்பட்டது' என்ற சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வசனத்தின் தொடக்கத்தை மறந்துவிடும். அந்தப் பிள்ளைக்குப் பட்டை வரைபடம் உதவாது. முன்னவருக்கு வாசிப்புப் பயிற்சி தேவையில்லை. ஒரே பிழை விடைக்கு இரண்டு மருந்து. எந்தச் செயற்பாட்டைத் தெரிவது என்ற கேள்விக்கு முன்னே, பிழை எங்கே நடந்தது என்ற கேள்வி நிற்கிறது. நம்முடைய பரிகாரக் கற்பித்தல் திட்டங்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. புள்ளி குறைந்தவர்களை ஒன்றாக இருத்தி அதே பாடத்தை மெதுவாகத் திரும்ப நடத்துகின்றன.

இந்தியாவில் இந்தப் பின்னடைவை அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரதம் நிறுவனம் 2005இலிருந்து நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய், இரண்டாம் வகுப்புப் பந்தி ஒன்றை வாசிக்கவும் ஒரு வகுத்தல் கணக்கைச் செய்யவும் சொல்லிப் பார்க்கிறது. தில்லியில் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் அலெகந்திரோ கனிமியனும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்பு பின்னால் நிற்பதையும், ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி அகன்றிருப்பதையும் காட்டியது. பிரதம் கண்ட தீர்வு, நாளுக்குச் சில மணிநேரம் வகுப்பை மறந்து, பிள்ளை நிற்கிற மட்டத்தை வைத்துக் குழு பிரிப்பது. ஆரம்ப வகுப்புகளில் அது பலன் தந்ததற்குப் பல சோதனைகள் சான்று. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த வயதில் மானம் பெரிது. தம்பி படிக்கிற நரிக் கதையைக் கையில் கொடுத்தால் பிள்ளை புத்தகத்தையும் ஆசிரியரையும் சேர்த்தே வெறுக்கும். வசனம் சின்னதாகவும் விஷயம் வயதுக்கு ஏற்றதாகவும் உள்ள பக்கங்கள் வேண்டும். அவை தமிழில் மிகக் குறைவு.

தமிழ்நாட்டின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ரிஷிவேலியின் கிராமப் பள்ளி முறையிலிருந்து பிறந்த செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க ஆரம்ப வகுப்புகளுக்குப் பரவியது. 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற முறை வந்தது. பிள்ளைகள் பாடத்தை மௌனமாக வாசித்து, மன வரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்து, முன்னால் வந்து சொல்லி, பின் எழுத வேண்டும். எண்ணம் அருமையானது. ஆனால் எந்தப் பாடம் வந்தாலும் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் எட்டுக் கோடு என்று மன வரைபடம் சடங்காகிப்போன வகுப்புகள் உண்டு. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை பக்கத்துக் கொப்பியிலிருந்து வட்டத்தை வரைந்துவிடலாம். பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் சின்ன வகுப்புகளில் அடித்தளத்துக்குத் திரும்பியது. 2025இல் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கென்றே திறன் திட்டம் தொடங்கியிருப்பது, இந்த வயதை விட்டுவிட்டோம் என்பதை உணர்ந்ததன் அடையாளம்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டுத் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் ஆசிரியர் வழிகாட்டிகளை முழுக்கச் செயற்பாடுகளால் நிரப்பியது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படிகள். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஐந்தையும் முடிக்க முடியாமல் ஆசிரியர்கள் திணறினார்கள். கண்டறிதலுக்கான நேரம் சுருங்கிச் சுருங்கி, விளக்கல் மட்டும் மிஞ்சியது. 2025இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் தரம் 6இல் பாடநூலுக்குப் பதிலாகத் தொகுதிகளையும் நீண்ட பாடவேளையையும் திட்டமிட்டது. நீண்ட பாடவேளை நல்லது. அதற்குள் என்ன நடக்கும் என்பதே விஷயம்.

வாசிப்பில், இந்த வயதுக்கென்றே சோதித்து உறுதிப்பட்ட ஒரு செயற்பாடு உண்டு. அன்மேரி பலின்சாரும் ஆன் பிறவுணும் 1984இல் வெளியிட்டது. எழுத்துக் கூட்டுவதில் சிக்கல் இல்லாத, ஆனால் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சிறு குழுவாக இருத்தி, பந்திக்குப் பந்தி நான்கு வேலை செய்யவைத்தார்கள்: அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல், ஒரு கேள்வி கேட்டல், விளங்காததைத் தெளிவாக்கல், சுருக்கிச் சொல்லல். முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார், பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியராவார்கள்.

சீனன்குடாவில் இதற்கு ஒரு பக்கம் கையருகே இருக்கிறது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள், ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இதைச் சின்ன வசனங்களில் மூன்று பந்தியாக எழுதலாம். முதற் பந்தி கொழும்பில் நிற்கும்போது, அடுத்து எங்கே அடிப்பார்கள், ஏன் என்று குழு ஊகிக்கட்டும். 'விமானந்தாங்கி' என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்க, தாங்கியைத் தினமும் காணும் இன்னொரு பிள்ளை எண்ணெய்த் தாங்கி என்று நினைத்துக்கொள்ளக்கூடும். தெளிவாக்கல் என்ற படி எதற்காக இருக்கிறது என்பது அந்த இடத்தில் எல்லோருக்கும் விளங்கும். சுருக்கிச் சொல்லும்போது 'குண்டு போட்டார்கள்' என்று இரண்டு சொல்லில் முடிக்க விடாமல், யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று ஒரே வசனத்தில் கோக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்தை எழுதவே பத்து நிமிடம் போகலாம், போகட்டும்.

பொருளுக்கு முன்னால் சரளத்தில் நிற்கிற பிள்ளைகளும் தரம் 6இல் இருக்கிறார்கள். உயிர்மெய் 216ஐயும் தெரிந்திருந்தும் நீண்ட கூட்டுச்சொல்லில் மூச்சு முட்டுகிறது. ஜே சாமுவேல்ஸ் 1979இல் விளக்கிய மீள்வாசிப்பு இதற்கு ஏற்றது: ஒரே சிறு பந்தியை, தடுமாற்றம் நீங்கும்வரை, மூன்று நான்கு தடவை சத்தமாக வாசிப்பது. ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டும். நாடகமாக வாசிப்பதும், வானொலிச் செய்தியாக வாசித்துக் கைத்தொலைபேசியில் பதிவதும் அந்தக் காரணத்தைத் தருகின்றன. மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' போன்ற கரையோரக் கதைகள் இதற்கு வாய்ப்பானவை. உரையாடலைப் பிள்ளைகள் பிரித்து வாசிக்கலாம். செய்யக்கூடாதது, எழுந்து நின்று வரிசையாக ஆளுக்கொரு பந்தி வாசிக்கவைப்பது. தடுமாறும் பிள்ளை நாற்பது பேர் முன்னால் ஒரு நிமிடம் கூனிப்போகிறது, மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை வாசிக்காமல் காத்திருக்கிறார்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பதாகை, பரிசளிப்பு எல்லாம் நடந்து, பிள்ளைகள் உட்கார்ந்து வாசித்த நேரம் மட்டும் கணக்கில் வராமல் மாதம் முடிகிற பாடசாலைகள் உண்டு.

கணிதத்தில் ஊரைக் கொண்டுவா என்ற அறிவுரை இப்போது எல்லாப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்கிறது. அதன் பின்னணியில் பிரேசிலின் ரெசிபே நகரத்து ஆய்வு இருக்கிறது. 1985இல் வெளியான அதில், தெருவில் தேங்காய் விற்ற பிள்ளைகள் விற்கும்போது கணக்கை ஏறத்தாழப் பிழையின்றிச் செய்தார்கள். அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது சரியானவை பாதியைக்கூட எட்டவில்லை. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதே பிளவு இருப்பதை 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. இதிலிருந்து பலர் எடுக்கும் முடிவு, பாடநூலில் அப்பிளுக்குப் பதில் சூடைமீன் போட்டால் போதும் என்பது. எனக்கு அது போதவில்லை. கரைவலைப் பங்கை மனக்கணக்காகப் பிரிக்கும் பிள்ளைக்கு விகிதம் தெரியும். அது செய்கிறதைத் தாளில் எழுதவைத்து, எழுதியதைக் குறியீடாக்கி, வேறு எண்ணுக்கு நகர்த்த வேண்டும். அந்த நடை இல்லாவிட்டால் சந்தை சந்தையிலேயே நிற்கும். திசைகொண்ட எண்களுக்குத் துறைமுகத்தைவிட நல்ல எண்கோடு கிடையாது: நீர்மட்டம் பூச்சியம், கப்பலின் மேற்தளம் மேலே, நங்கூரம் கீழே. ஆனால் நங்கூரம் 12 மீற்றர் கீழிருந்து 5 மீற்றர் ஏறியது என்பதை −12 + 5 = −7 என்று பிள்ளையே எழுதும்வரை அது கதை மட்டும்தான்.

வாசிப்பும் கணிதமும் ஒரே தாளில் சேர்வதற்கு மிகப் பொருத்தமான பகுதி, சீனன்குடாத் தாங்கிகள் பற்றிய 2022 ஜனவரி 6ஆம் திகதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. 99 தாங்கிகளில் 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், ஐஓசிக்கு 49 சதவீதம். இதைச் செய்திப் பந்தியாகவே தரம் 8க்குக் கொடுத்து, கூட்டுத்தாபனத்துக்கு மொத்தம் எத்தனை தாங்கி என்று கேளுங்கள். 24 என்பார்கள் சிலர். 61இன் 51 சதவீதத்தைக் கண்டு 31.11 வர, அதை 24உடன் கூட்டி 55.11 என்பார்கள் சிலர். நூறில் பதினொரு பங்குத் தாங்கி என்று ஒன்று உண்டா? மட்டந்தட்டி 55 எனலாமா? 51 சதவீதம் என்பது தாங்கிகளின் எண்ணிக்கையா, கம்பனியின் பங்கா? அதற்கு விடை சொல்லப் பெருக்கல் உதவாது, பந்திக்குத் திரும்பிப் போய் வாசிக்க வேண்டும். இந்த வாதத்தை வகுப்பில் நடக்க விடுகிற ஆசிரியர், சதவீதத்தையும் செய்தி வாசிப்பையும் ஒன்றாகக் கற்பித்துவிடுகிறார். அளவிடைப் பாடத்துக்குக் கிண்ணியாப் பிள்ளைகளுக்கு 2009இல் திறந்த 396 மீற்றர் பாலம் இருக்கிறது; 1:2000 அளவிடையில் அதை வரைந்தால் விரித்த கொப்பியின் குறுக்கே அடங்கும், 1:1000இல் ஒற்றையை ஒட்ட வேண்டிவரும்.

மிகக் குறைந்த செலவில் கூடிய பலன் தருவது, பயிற்சிக் கணக்குகளைக் கலப்பது. பாட முடிவில் வரும் அப்பியாசம் முழுக்க ஒரே வகை. பின்னம் என்று தலைப்புப் பார்த்ததும் என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் தலைப்பு இல்லை. புளோரிடாவில் ஏழாம் வகுப்புகளில் டக் ரோரரும் அவருடைய குழுவும் நடத்திய சோதனைகளில், பழைய பாடங்களைக் கலந்து செய்தவர்கள் பின்னர் வைத்த தேர்வில் தெளிவாக முன்னின்றார்கள். நாளாந்த வீட்டு வேலையில் இன்றைய பாடத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று, போன தவணையில் ஒன்று என்று போட்டால் போதும். வாய்பாட்டு விளையாட்டுகள், எண் பிங்கோ போன்றவை வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளைக்கு நல்லவை, அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இத்தனைக்கும் தடையாக நிற்பது ஆசிரியர்களின் மனமின்மை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பாடத்திட்டத்தை முடிக்கச் சொல்லும் மேற்பார்வையும், பின்னேர ரியூசனும், வினாத்தாளின் வடிவமுமே தடை. தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் கிழமைக்கு ஒரு பாடவேளையாவது ஒரே பக்கத்தை வைத்துத் திட்டமிட நேரசூசியில் இடம் வேண்டும். பாடசாலை மட்ட ஆசிரியர் விருத்தி என்று ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும் நேரத்தை இதற்குப் பாவிக்கலாம். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்துக் குறிப்பெடுக்கிற முறை அந்த நேரத்துக்குப் பொருந்தும். தவணை வினாத்தாளில் நீண்ட பந்தி ஒன்றும், அதிலிருந்து எண்ணெடுத்துச் செய்யும் கணக்கும், விடைக்குக் காரணம் எழுதும் இரண்டு வரியும் வந்தால், வகுப்பறை அதன் பின்னே போகும்.

வாசிப்புப் பக்கங்களுக்கும் வழி இருக்கிறது. 2005இலிருந்து இயங்கும் நூலகம் திட்டத்தில் ஈழத்துச் சிறுவர் நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படியெடுக்க அனுமதியுள்ள தமிழ்க் கதைகள் மட்டம் பிரித்து இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கு. பதின்மூன்று வயதுக்கு ஏற்ற, ஊரின் எண்களும் பெயர்களும் உள்ள, ஒரு தாளின் இரு பக்கத்துக்குள் அடங்கும் பந்திகளை இங்கே உள்ளவர்கள்தான் எழுத வேண்டும். மா ஆலை, சீமெந்து ஆலை, புகையிரத நிலையம், விமானத் தளம், கரைவலை, தம்பலகாமத்து வயல், கந்தளாய்க் குளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். எழுதத் தெரிந்த ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிபர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். வலயக் கல்வி அலுவலகம் ஒரு தவணைக்குப் பத்துத் தாள் என்று கேட்டு வாங்கி, சரிபார்த்து, ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு வகுப்புக்குப் போதுமான பிரதிகளை அனுப்பினால், அடுத்த ஆண்டுத் தரம் 6 அவற்றோடு தொடங்கலாம்.